தீவுக் காட்டில் ஒரு நாள்: காசு கொடுத்து வியர்க்க வேண்டுமா?



விடுமுறை நாளில் நம் குடும்பங்கள் எங்கே போகின்றன? இதுதான் இன்றைய அரங்கின் கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர் பேரங்காடிக்குப் போகின்றன என்றார். இன்னொருவர் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகின்றன என்றார். இரண்டும் உண்மைதான். நான் மூன்றாவதாக ஓர் இடத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். காட்டுக்குப் போவோம் என்கிறேன். அதுவும் ஒரு வழிகாட்டியின் பின்னால், ஒரே நாளில் போய்த் திரும்பும் நடைப்பயணமாகப் போவோம் என்கிறேன்.

சொன்னதும் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த என் உறவுக்காரப் பாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ஏம்மா, காட்டுலேருந்து வெளிய வர்றதுக்கு எங்களுக்கு அறுபது வருசம் ஆச்சு. நீ காசு கொடுத்து உள்ள போறேங்கிறியே?" என்று கேட்டார். சிரிப்பு வந்தாலும், கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு நான் சொல்ல நினைக்கும் பதில்தான் இன்றைய என் பேச்சு.

நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?

என் சொந்த ஊர் பாரிட் புந்தார். பேரா மாநிலத்தின் வடமேற்கு மூலை, கிரியான் மாவட்டம். ஒரு பக்கம் பினாங்கின் நிபோங் திபால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடாவின் பண்டார் பாரு. மூன்று மாநிலங்களும் கைகோத்து நிற்கும் இடம். சுற்றிலும் நெல்வயல். புக்கிட் மேராவிலிருந்து கால்வாய் வெட்டி, கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தை 1906ஆம் ஆண்டில் முடித்தார்கள். அதற்கும் முன்னால் இந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களும் அவற்றில் வேலை செய்தார்கள். பிறகு வந்தது ரப்பர்.

தமிழ் படித்தவர்கள் நம் ஊரை மருத நிலம் என்பார்கள். அதாவது, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மலையையும் காட்டையும் கடலையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் எங்கே போவது? வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பகாங்கில், பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது.

வேன் பிடித்துப் போகலாம். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் பத்து காவானில் தொடங்குவதால் நம் வட்டாரத்துக்கு வசதி. வண்டி இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். பாரிட் புந்தார் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து பெர்ரி. தீவில் இறங்கியதும் ஜெட்டியிலிருந்து தெலுக் பகாங் வரை ரேப்பிட் பினாங்கின் 101ஆம் எண் பேருந்து. நேரம் கூடுதலாகும், செலவு குறையும். சீக்கிரம் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

சின்னப் பூங்கா, பெரிய கதை

பகாங்கைத் தொட்டு மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் தாமான் நெகாரா 4 லட்சம் ஹெக்டருக்கும் மேல். நம் பேராவின் ரோயல் பெலும் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ஹெக்டருக்கும் மேல். பினாங்கு தேசியப் பூங்காவோ நிலத்தையும் கடலையும் சேர்த்தே ஏறக்குறைய 2,500 ஹெக்டர்தான். பெலும் காட்டை ஒரு வாரம் நடந்தாலும் முடிக்க முடியாது. இந்தப் பூங்காவை ஒரு நாளில் ஓரளவு அறிந்துகொண்டு திரும்பி விடலாம். குடும்பத்தோடு முதன்முதலாகக் காடு பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தச் சின்ன அளவே வசதி.

1928ஆம் ஆண்டில் பந்தாய் ஆச்சே வனக் காப்பகமாக ஒதுக்கப்பட்ட காடு இது. இயற்கை ஆர்வலர்களும் கல்வியாளர்களும் இதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார்கள். 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட முதல் பூங்காவும் இதுதான். நிர்வகிப்பது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. நானூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. வீட்டு மனைகளும் அடுக்குமாடிகளும் நெருக்கும் ஒரு தீவில் இவ்வளவு காடு மிஞ்சியிருப்பதே பெரிய காரியம்.

வழிகாட்டி எதற்கு?

இப்போது நடைக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் போனோம். ஆசிரியர்கள், இடைநிலைப்பள்ளி மாணவர்கள், இரண்டு மூன்று தாய்மார்கள், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற எழுபது வயதுத் தாத்தா ஒருவர். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தெலுக் பகாங்கிலேயே பிறந்த மலாய்க்காரர். முன்னாள் மீனவர். எல்லாரும் அவரை 'அபாங்' என்றே கூப்பிட்டோம்.

"பாதை போட்டிருக்கிறது, பலகை வைத்திருக்கிறது, பிறகு ஆள் எதற்கு?" என்று எங்களோடு வந்த தம்பி ஒருவர் கேட்டார். அபாங் பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்கினார். முதலில் பூங்கா அலுவலகத்தில் எங்கள் பெயர்களைப் பதிவு செய்தார். அடுத்து ஒவ்வொருவர் காலணியையும் பார்த்தார். வழுக்கும் சிலிப்பரோடு வந்த ஒருவரை வேனுக்குத் திருப்பி அனுப்பி, சப்பாத்து மாட்டி வரச் சொன்னார். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் இருக்கிறதா என்று பைகளைத் தூக்கிப் பார்த்தார். தலைகளை எண்ணினார். முன்னால் தான், கடைசியில் உடல் வலுவுள்ள ஓர் இளைஞர், நடுவில் மற்றவர்கள் என்று வரிசை பிரித்தார். "கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, என்னைத் தாண்டி யாரும் முந்தக் கூடாது" என்றார். அந்தத் தம்பி அதற்கப்புறம் கேள்வி கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் கடலோரமாகவே போகும் பாதை பிறகு இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் கரையை ஒட்டிப் போனால் தெலுக் டுயோங். குரங்குக் கடற்கரை என்றால் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேலே முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இடப்பக்கம் மலையேறி இறங்கினால் பந்தாய் கெராச்சுட். அலுவலகத்திலிருந்து மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேர நடை. நாங்கள் அந்தப் பக்கம் போனோம்.

மூன்றரைக் கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். கூலிமுக்கும் பாரிட் புந்தாருக்கும் இடையிலுள்ள சமதளச் சாலை அல்ல இது. வேர்கள்தாம் படிகள். காற்று அசையாது. பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள் என்று அபாங் சொல்லிக் கொண்டே வந்தார். வியர்வை ஆவியாகாத ஈரக் காற்றில் உடல் சூட்டை வெளியேற்றத் திணறும். தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் அது சோம்பல் அல்ல, எச்சரிக்கை. அப்போதே நிழலில் உட்கார வேண்டும்.

வழியில் முள் அடர்ந்த ஒரு கொடி. அபாங் அதைக் காட்டுவதற்குள் நம் தாத்தா முந்திக்கொண்டார். "இதுதான்டா பிரம்பு. உங்க வாத்தியார் கையில இருந்ததெல்லாம் இங்கேருந்து போனதுதான்" என்று மாணவர்களிடம் சொன்னார். முள்ளை எப்படி உரிப்பது, எது முற்றியது, எது பிஞ்சு என்று மலாயில் அபாங்கோடு பேசத் தொடங்கினார். கூலிக்குக் காடு வெட்டிய தலைமுறையின் அறிவு அது. இத்தனை நாள் கேட்க ஆளில்லாமல் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்த பார்வையே அன்று மாறிவிட்டது.

கலக்காத தண்ணீர், திரும்பி வரும் ஆமை

கெராச்சுட்டில் ஒரு அபூர்வமான ஏரி இருக்கிறது. மழைநீரும் ஓடை நீரும் மேலே, கடல்நீர் கீழே. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. அதனால் இரண்டும் ஒன்றாகக் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேலே குளிர்ந்தும் அடியில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஆசியாவிலேயே இப்படிப்பட்ட ஏரிகள் அரிது. ஆண்டு முழுதும் நீர் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வறண்ட மாதத்தில் போனால் சேற்றைத்தான் பார்ப்பீர்கள். எந்த மாதம் போவது என்பதற்குக்கூட விவரம் தெரிந்தவரைக் கேட்பது நல்லது.

கடற்கரையில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பச்சை ஆமைகளும் ஒலிவ ஆமைகளும் இங்கே கரையேறி முட்டையிடுகின்றன. பச்சை ஆமை ஒரு முறை கரையேறினால் ஏறக்குறைய நூறு முட்டை இடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு பொரியும். அது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் அதிகம். உலகம் வெப்பமாகிறது என்று செய்தியில் படிக்கிறோமே, அதன் விளைவு அந்த மணலுக்குள்ளும் நடக்கிறது. குஞ்சு வளர்ந்து முட்டையிட இருபது முப்பது ஆண்டுகள் ஆகலாம். அது வரைக்கும் அது வலைக்கும் ஞெகிழிப் பைக்கும் தப்ப வேண்டும். தண்ணீரில் மிதக்கும் பை அதன் கண்ணுக்கு ஜெல்லி மீன் போலத் தெரியும்.

திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பெருந்தோல் ஆமைகள் முட்டையிட்டன. இன்று அவை அங்கே ஏறத்தாழ அற்றுப்போயின. முட்டையை எடுத்துத் தின்றது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எல்லா வகை ஆமை முட்டை விற்பனைக்கும் அந்த மாநிலம் 2022ஆம் ஆண்டு முதல்தான் தடை போட்டது. இதைக் கேட்டதும் எங்களோடு வந்த ஒரு மாணவி, சொல்லாமலே தன் சாப்பாட்டுப் பொட்டலத்தின் பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசினாலும் இது நடக்காது.

அங்கே குளிக்கலாமா? வேண்டாம். கடல் நீரோட்டமும் ஜெல்லி மீனும் ஆபத்தானவை. பெட்டி ஜெல்லி மீன் தீண்டினால் நல்ல தண்ணீரால் கழுவவோ தேய்க்கவோ கூடாது. வினிகர் ஊற்றி உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். அபாங்கின் பையில் ஒரு போத்தல் வினிகர் இருந்தது. நம் வீட்டில் யாராவது நடைப்பயணத்துக்கு வினிகர் எடுத்துப் போவோமா? வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசின் அருமை இந்த மாதிரி விஷயத்தில்தான் தெரிகிறது.

முக்கா ஹெட் விளக்கு யாருக்காக எரிந்தது?

இந்த அரங்கில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் 1883ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேலே, குன்றின் உச்சியில் நிற்கிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்குத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் இந்த வடமேற்கு முனையைச் சுற்றித்தான் உள்ளே வரும்.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம்மவர்களை ஏற்றி வந்த கப்பல்களை நினைத்துப் பாருங்கள். 1926ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயர் இன்றும் பல வீடுகளில் நினைவிருக்கும். 1973 வரை ஓடிய கப்பல் அது. நாள் கணக்கில் கடலையே பார்த்து வந்தவர்களுக்கு, இரவில் வந்திருந்தால், மலாயாவின் முதல் அடையாளமாகத் தெரிந்திருக்கக் கூடியது இந்த விளக்கின் வெளிச்சம்தான். பிறகு பூலாவ் ஜெரெஜாக்கில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம். அப்புறம் அக்கரையில் ரயில். அந்த ரயில்தான் பாரிட் புந்தார் வழியாகத் தெற்கே தோட்டங்களுக்குப் போனது.

நாம் பாரிட் புந்தாரில் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் தீவுக்குப் போவது அவர்கள் வந்த வழியிலேயே திரும்பிப் போவதுதான். இதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. நம்மவர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? அபாங் ஆமையைப் பற்றி அருமையாகச் சொன்னார், மரத்தைப் பற்றிச் சொன்னார். நம் கப்பலைப் பற்றி அவர் சொல்லவில்லை. அது அவர் குற்றமும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன், நம் இளைஞர்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது? நம் நாட்டில் சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் உண்டு. நகர வழிகாட்டிக்கு நீல அட்டை, குறிப்பிட்ட இயற்கைத் தலங்களுக்கான வழிகாட்டிக்குப் பச்சை அட்டை. முறையான பயிற்சி எடுத்துத் தேர்வு எழுத வேண்டும். மலாயும் ஆங்கிலமும் தமிழும் பேசத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! 2023 டிசம்பரில் இந்தியப் பயணிகளுக்கு நம் அரசு விசா விலக்கு அளித்தது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. அன்று கப்பலில் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று விமானத்தில் விருந்தினராக வருகிறவர்களைத் தமிழிலேயே காட்டுக்குள் அழைத்துப் போகலாம். நிரந்தர மாதச் சம்பளம் இல்லை, மழைக்காலத்தில் வேலை குறையும். அதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

பயத்துக்குப் பதில் பழக்கம்

காடு ஆபத்தானது என்று பெற்றோர் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தார்கள். அது உரிமம் பெறாத முகாம் தளம் என்று பின்னர் தெரியவந்தது. நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? போகும் இடத்துக்கு அனுமதி உண்டா, கூட்டிப் போகிறவருக்கு உரிமம் உண்டா, தொடர் மழை பெய்கிறதா என்று கேட்கப் பழக வேண்டும். மழைக்குப் பிறகு பாதைகளை மூடுவார்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று மூடிய பாதையில் நுழையக் கூடாது. மேலே மலையில் பெய்த மழையால் ஓடையில் திடீரென்று 'கெப்பாலா ஆயர்' வரும். நீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும். இவையெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதால் தெரிந்துவிடுமா?

இன்னோர் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டிலுள்ள இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இனவாரியாக நாம்தான் முதலிடம். பாம்புக்குப் பயந்து காட்டுக்குப் போகாத நாம், சர்க்கரைக்குப் பயந்து நடக்கவும் இல்லையே! நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வழிகாட்டியிடமும் சொல்லிவிட்டு நடக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்தப் பாதை திறந்திருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் நடையைத் தொடங்குங்கள். குரங்கின் முன்னால் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், பையைப் பறித்துக்கொண்டு போய்விடும். திரும்பி நடக்க முடியாதவர்கள் தெலுக் பகாங் படகுக்காரர்களிடம் பேசி, கடல் வழியாக வரலாம். அலை பெரிதாக இருந்தால் படகு வராது. ஆகவே, நடந்து திரும்பும் தெம்பை மிச்சம் வையுங்கள். படகில் ஏறினால் பாதுகாப்புச் சட்டை இல்லாமல் உட்காராதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

பினாங்கு தூரம் என்பவர்கள் முதலில் நம் கிரியானிலேயே கோலா குலாவுக்குப் போங்கள். அலையாத்திக் காடும் வலசைப் பறவைகளும் நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கின்றன. அங்கே கால் பழகிய பிறகு தீவுக்குப் போகலாம்.

நிறைவாக, அந்தப் பாட்டிக்கு என் பதில். பாட்டி, நீங்கள் காட்டுக்குள் போனது வயிற்றுப்பாட்டுக்காக. துரை சொன்ன இடத்தில் வெட்டினீர்கள், மண்டோர் சொன்ன நேரத்தில் திரும்பினீர்கள். அந்தக் காடு உங்களுக்குச் சொந்தமில்லை, அதை நின்று பார்க்கவும் உங்களுக்கு நேரமில்லை. இன்று அது நாட்டு மக்கள் எல்லாருக்கும் உரிய பூங்கா. உங்கள் பேரப்பிள்ளைகள் அங்கே தலை நிமிர்ந்து நடக்கலாம், கேள்வி கேட்கலாம், நாளை மற்றவர்களுக்கு வழியும் காட்டலாம். அதற்காக ஒரு நாள் காசு கொடுத்து வியர்த்தால் தப்பே இல்லை. முடிந்தால் நீங்களும் வாருங்கள். பிரம்புக்கும் மற்றக் கொடிக்கும் வித்தியாசம் சொல்ல எங்களுக்கு ஆள் வேண்டும்.